மெயில்ல வர்ற மூணு கடிதம்

செமஸ்டர் லீவுல ஒரு சாயங்காலம் வட்டக்கோட்டை மதில் மேல நிக்கிறோம். கீழே கறுப்பு மணல், சரியான காத்து. பேச்சுவாக்குல நண்பன் சொன்னான்: "மக்கா, மாத்திரைய நிப்பாட்டிட்டேன்."

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. ஏன்டேன்னு கேட்டா போனை நீட்டுறான். வாட்ஸ்அப் ஃபார்வர்ட். செரடோனின் கதையே பொய்யாம், மாத்திரை எல்லாம் வியாபாரமாம்.

அதுல பாதி உண்மை இருந்துச்சு. அதுதான் வில்லங்கமே. 2022 ஜூலையில ஜொவானா மான்கிரீஃப் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செரடோனின் குறையுறதாலதான் மனச்சோர்வு வருதுங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு எழுதினாங்க. ஆனா நோய் எதனால வருதுங்கறது ஒரு கேள்வி. மருந்து கேக்குதாங்கறது வேற கேள்வி. பாராசிட்டமால் போட்டா தலைவலி போகுது. அதுக்காக, உடம்புல பாராசிட்டமால் குறைஞ்சதாலதான் தலைவலி வந்துச்சுன்னா சொல்லுவோம்? அதோட, இந்த மாத்திரைகளைச் சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும். மறுநாள் அவனே டாக்டருக்குப் போன் போட்டான்.

எனக்கு இது தெரிஞ்சது பாடப்புத்தகத்துல இருந்து இல்ல. மெயில்ல வர்ற கடிதங்கள்ல இருந்து. அமெரிக்காவுல இருக்குற மனநல மருத்துவர் அவாய்ஸ் அஃப்தாப் எழுதுற 'சைக்கியாட்ரி அட் தி மார்ஜின்ஸ்' முதல் கடிதம். தன் துறையைத் திட்டுறவங்களையும் மதிச்சுப் பதில் சொல்லுவார். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம். ஒரு கடிதத்துக்கு ரெண்டு டீ ஆகும். இதே வகையில ஸ்காட் அலெக்சாண்டரோட 'ஆஸ்ட்ரல் கோடெக்ஸ் டென்'னும் உண்டு. அவரும் மனநல மருத்துவர்தான். சில நேரம் ரொம்ப இழுப்பார். ஆனா தான் செஞ்ச தப்புகளுக்குன்னே தனிப் பக்கம் வச்சிருக்கார். ஃபார்வர்ட் அனுப்புற எந்த மாமாவாவது அப்படி வச்சிருக்காரா?

அறிவியலுக்கு 'குவாண்டா'. கணிதம், இயற்பியல், உயிரியல். விளம்பரத் தொல்லை கிடையாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை எப்படிக் கட்டினாங்கன்னு எழுதினதுக்கு 2022-ல புலிட்சர் பரிசு வாங்கினாங்க. மெக்கானிக்கல் பசங்க அதை மட்டுமாவது படிங்க.

அரசியலுக்கு ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன். பாஸ்டன் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர், 2019-ல இருந்து எழுதுறாங்க. அவங்க சார்பு படிச்சதுமே தெரியும். ஆனா ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே ஆதார இணைப்புகள் இருக்கும். சந்தேகம்னா நாமே போய்ப் பாத்துக்கலாம். நம்ம நாட்டு அரசியலுக்கு இப்படி ஒண்ணு, அதுவும் தமிழ்ல, எனக்கு இன்னும் மாட்டல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆர்வத்துல பத்து, பதினஞ்சுன்னு சேராதீங்க. மெயில்ல தனி லேபிள் போட்டு மூணே மூணு. ஒரு மாசம் திறக்காம கிடந்தா விலகிடுங்க.

நண்பன் இப்போ குவாண்டா மட்டும் வச்சிருக்கான். சைக்கியாட்ரி கடிதம் வேணுமாடேன்னு கேட்டேன். "அதுக்குத்தான் டாக்டர் இருக்காருல்லா"ன்னான்.