கேபிளும் சர்க்யூட்டில் சேர்த்திதான்

அன்புள்ள இளங்கோ,

லைன் அவுட்புட் வரையும்போது ஆப்-ஆம்பின் காலை நேரே சாக்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதே. கேபிளை வெறும் கம்பி என்று எண்ணுவதால் வரும் பிழை அது. ஷீல்டு கேபிளில் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றிய பின்னலுக்கும் இடையே மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் இருக்கும். 10 மீட்டர் இழுத்தால் 1 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தொங்கவிட்ட கணக்கு. ஆப்-ஆம்புக்குள்ளேயே இருக்கும் வெளியீட்டு மின்தடை இதோடு சேர்ந்து பின்னூட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. திருத்த வேண்டிய பின்னூட்டம் நேரம் தப்பி வந்தால் பிழையைக் கூட்டிவிடும், ஐ.சி. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் தானாக அலைபாயும். அந்த அலைவு காதில் விழாது. ஐ.சி. சுடும், ஒலி கரகரக்கும், ஆசிலாஸ்கோப்பில் சைன் அலையின் கோடு ஓரிடத்தில் மட்டும் தடித்து மயிர் முளைத்ததுபோலத் தெரியும். இதற்கு மருந்து, வெளியீட்டில் தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். பின்னூட்டத்தை ரெசிஸ்டருக்கு முன்னால், ஐ.சி.யின் காலிலிருந்தே எடு. பின்னால் எடுத்தால் உள்மின்தடையைக் கூட்டியதாகிவிடும், நோய் முற்றும்.

ரெசிஸ்டர் போட்டால் கீச்சொலி மங்காதா என்பார்கள். கணக்குப் போட்டுப் பார். 100 ஓமும் 1 நானோஃபாரடும் வெட்டத் தொடங்குவது 1.6 மெகாஹெர்ட்ஸில், 100 மீட்டர் கேபிளுக்குக்கூட 160 கிலோஹெர்ட்ஸ். காதின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஓம் உள்ளீட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. கீச்சொலியைத் தின்பது வேறு ஆள்: வெளியீட்டு மின்தடை 10 கிலோஓமாக இருக்கும் கருவி, அதே 10 மீட்டர் கேபிளில் 16 கிலோஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். இன்னொரு கட்சி 600 ஓம் பொருத்தம் வேண்டும் என்னும். அது மைல் கணக்கில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளின் மரபு. 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் கேபிளுக்குள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மண்டபத்து 30 மீட்டருக்கு அந்தச் சடங்கு எதற்கு? 600 ஓமை மாட்டினால் 1.3 டெசிபலை வீணாகக் கொடுப்பாய்.

பேலன்ஸ்டு வெளியீட்டில் இந்த ரெசிஸ்டருக்கு இரண்டாவது வேலையும் உண்டு. இரைச்சல் கழிவது இரு கம்பிகளிலும் எதிரெதிர் சிக்னல் ஓடுவதால் அல்ல, தரையை நோக்கி இரண்டின் மின்தடையும் சமமாக இருப்பதால். (அனுபவசாலிகளிலும் இதை ஒப்பாதவர்கள் உண்டு.) ஆகவே ஒரு கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும் அதை இன்னொரு 100 ஓம் வழியாகத் தரையில் இணைத்தால் போதும், இரண்டும் 1 சதவீத ரகமாக இருக்கட்டும். போர்டைப் பெட்டியில் பூட்டுமுன் சாக்கெட்டில் 10 நானோஃபாரட் கெபாசிட்டரை வைத்து, சதுர அலை செலுத்தி, ஐ.சி.யின் காலில் அலையின் மூலையைப் பார். அங்கே துள்ளல் தெரிந்தால் ரெசிஸ்டரைக் கொஞ்சம் கூட்டு.

அன்புடன்,
உன் மாமா