கடனில்லாமல், நம் கையால் ஒரு வழியனுப்பு: 18 குறிப்புகள்

அம்மா போனபோது எங்களுக்கு எதுவும் தெரியாது. யாரோ சாமியானாவுக்குச் சொன்னார்கள், யாரோ பூப்பல்லக்குக்கு முன்பணம் கொடுத்தார்கள், யாரோ வெடிக்கு ஆள் அனுப்பினார்கள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது என் இரண்டு வளையலும் அடகுக் கடையில் இருந்தன. மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதைவிட வலித்தது வேறொன்று. அன்று முழுவதும் பணம் எண்ணிக் கொடுத்தும், வந்தவர்களுக்குப் பதில் சொல்லியுமே பொழுது போனது. அம்மா பக்கத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை.

அப்பா மேற்கு மாம்பலத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அவர் விஷயத்தில் அப்படி ஆகக் கூடாது என்று நானும் தம்பியும் முன்பே பேசி வைத்திருந்தோம். அவர் போன அன்று எங்களுக்குப் புரிந்தது இதுதான்: ஆள் வைத்துச் செய்யும் வேலைகளில் பாதியை வீட்டார் எடுத்துச் செய்தால் செலவு தானாகக் குறைகிறது. போனவருக்கே உரிய மரியாதையும் அதில்தான் இருக்கிறது. எங்கள் அனுபவத்திலும் விசாரித்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முன்கூட்டியே

1. இருக்கும்போதே கேட்டு வையுங்கள். எரிப்பதா புதைப்பதா, சடங்கு வேண்டுமா, எந்தத் துணி, கண்தானம் உண்டா என்ற நாலு கேள்வி போதும். "அபசகுனமாப் பேசாதே" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் வயதானவர்கள் பலர் இந்தப் பேச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். "பட்டு வேட்டி வேணாம்மா, நான் தைச்ச சட்டையைப் போட்டு விடுங்க" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். பிற்பாடு உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னபோது அந்த நோட்டைக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

2. ஒரே உறையில் எல்லாம். ஆதார் நகல் நாலைந்து, குடும்ப அட்டை நகல், சிகிச்சைச் சீட்டுகள், நல வாரிய அட்டை அல்லது இ.எஸ்.ஐ. எண், முகம் தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் போன் எண். பீரோவில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

3. மயானத்தை ஒருமுறை விசாரித்து வையுங்கள். எரிவாயு மேடையா, மின்சாரமா, விறகா, என்னென்ன தாள் கேட்கிறார்கள், கடைசியாக எத்தனை மணி வரை எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தாலே அன்றைய பதற்றம் பாதி குறையும். விறகென்றால் பல நூறு கிலோ வேண்டும், மழைக்கும் பயப்பட வேண்டும். எரிவாயு மேடையில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. மற்ற ஊர்களில் கட்டணம் இருந்தால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

உயிர் பிரிந்த முதல் சில மணி நேரம்

4. கண்தானத்துக்கு ஆறு மணி நேரம்தான். 104-க்கோ அருகிலுள்ள கண் வங்கிக்கோ உடனே போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி யாரும் கொடுக்கலாம். முகம் விகாரமாகாது. எங்கள் வீட்டில் இருபது நிமிஷத்தில் முடிந்தது.

5. டாக்டர் சான்று முதலில். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தருவார்கள். வீட்டில் நடந்தால், வழக்கமாகப் பார்த்த டாக்டரை அழைத்து இறப்பின் காரணத்தை எழுதி வாங்குங்கள். இது இல்லாமல் மயானத்தில் நிற்க நேரும். விபத்து, தற்கொலை, சந்தேகமான சாவு என்றால் போலீசுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.

6. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்ததா? கட்டாயம் சொல்லுங்கள். அதிலுள்ள பேட்டரி சூட்டில் வெடிக்கும். மேடைக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்வது நல்லது.

7. வண்டி. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால், உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377-க்குக் கூப்பிடலாம். தனியார் வண்டி என்றால் காத்திருக்கும் நேரம், வண்டி அலங்காரம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அலங்காரம் வேண்டாம் என்றால் வண்டி புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

8. எப்போது எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐஸ் பெட்டி, சாமியானா, சேர், டீ, சாப்பாடு எல்லாச் செலவும் நேரத்தைப் பொறுத்தே ஏறுகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டும் என்றால் காத்திருப்பது நியாயம். அப்படி யாரும் இல்லையென்றால் அன்றைக்கே முடிப்பதில் ஒரு குறையும் இல்லை. வர முடியாதவர்களுக்கு வீடியோ காலில் முகத்தைக் காட்டுங்கள். போனைப் பிடித்துக்கொள்ள பொறுமையான ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.

9. பணப்பை துக்கக்காரர் கையில் இருக்கக் கூடாது. சித்தப்பா மகனோ நெருங்கிய சிநேகிதரோ ஒருவர், ஒரு நோட்டு, ஒரு பை. இந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எல்லையும் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பெற்ற பிள்ளைகளின் வேலை பக்கத்தில் இருப்பது மட்டும்தான். அம்மாவுக்கு நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

வீட்டில்

10. குளிப்பாட்டி உடுத்துவதை நாமே செய்யலாம். வெந்நீர், மஞ்சள், பழைய பருத்தித் துண்டு, கூட இரண்டு பேர். புதுப் பட்டைவிட அவர் விரும்பி உடுத்திய பருத்தி நல்லது. பாலியஸ்டர் சூட்டில் உருகி ஒட்டும், கரும்புகை விடும். கோடி எடுத்து வரும் உறவினர்களிடம் பிறந்த வீட்டுக் கோடி ஒன்று போதும் என்று முன்பே சொல்லிவிடலாம். மற்றவர்கள் பதினாறாம் நாள் சமையலுக்கு அரிசி, பருப்பு கொடுக்கட்டும். அப்பாவைப் போர்த்த வாங்கிய காடாத்துணிக்கு ஓரம் அடிக்கவில்லை, நூல் பிரிந்து தொங்கியது. தம்பி அவருடைய மிஷினிலேயே உட்கார்ந்து நாலு பக்கமும் மடித்து அடித்தான். பெடல் சத்தம் கேட்டதும் அழுதுகொண்டிருந்த கூடம் அமைதியாகிவிட்டது. எந்த வாத்தியமும் அப்பாவுக்கு அவ்வளவு பொருந்தியிருக்காது.

11. பூவுக்குக் கடன் வேண்டாம். வீட்டுத் துளசி, பக்கத்து வீட்டு நந்தியாவட்டை, ஆளுக்கொரு கைப்பிடி உதிரிப் பூ போதும். வருகிறவர்கள் ஆளாளுக்கு வாங்கும் மாலைகளை மேடைக்கு முன்னால் கழற்றிப் போடத்தான் வேண்டும். வழியெல்லாம் பூ இறைப்பதை விட்டுவிடுங்கள். பின்னால் டூ வீலரில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? வெடியும் அப்படித்தான். தெருவில் கைக்குழந்தையும் நோயாளியும் இருப்பார்கள்.

12. பாட்டு அவருடையதாக இருக்கட்டும். சிவபுராணம் தெரிந்தவர்கள் சேர்ந்து சொல்லலாம். சினிமாப் பாட்டில் உருகியவர் என்றால் அதையே மெதுவாகப் போடலாம், தவறில்லை. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்ட மட்டும் வந்தார் என்றும், விறகை விலக்கிப் பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாடினார் என்றும் சொல்வார்கள். பாட்டைத் தவிர அவர் கொண்டு வந்தது ஒன்றுமில்லை. பறை உங்கள் வழக்கம் என்றால், பேசிய கூலியை முழுதாகப் பணமாகக் கொடுங்கள். சாராயத்தைக் கூலியில் சேர்க்காதீர்கள்.

13. எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் பேச விடுங்கள். மூன்று, நாலு பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம். புகழ வேண்டாம், நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். எங்கள் வீட்டில் பின்வரிசையில் நின்ற ஒரு அம்மா தானாக முன்னால் வந்தார். "எம் புள்ளைக்கு வருஷா வருஷம் பள்ளிக்கூட டவுசரைப் பிரிச்சு இறக்கிக் கொடுத்தாரு. ஒருநாளும் காசு வாங்கினதில்ல" என்றார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றி நாங்கள் புதிதாகத் தெரிந்துகொண்ட கடைசிச் செய்தி அது.

14. குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். "தாத்தா தூங்குறாரு" என்று சொல்லாமல், இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் படம் வரைவார்கள், கடிதம் எழுதுவார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம், காகிதம்தானே. பயப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மயானத்தில்

15. பெண்களும் போகலாம். தடுக்கிற சட்டம் எதுவுமில்லை. மகள் கொள்ளி வைக்கவும் தடையில்லை. சென்னை வேலங்காடு மயானத்தை 2014 முதல் பெண்களே நின்று நிர்வகித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அத்தைதான் முதலில் தடுத்தார், "தெருமுனையோட நின்னுடு கண்ணு" என்று. "அத்தே, உங்க அண்ணனைக் கடைசி வரைக்கும் பார்க்க உங்களுக்கு ஆசையில்லையா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பெரியவர்களிடம் வாதம் செய்வதைவிட உடன் அழைப்பது நல்லது.

16. மேடைக்குள் போகக் கூடாதவை. மாலை, மெத்தை, தலையணை, பிளாஸ்டிக், ரப்பர், கண்ணாடி, சில்லறைக் காசு, மூடிய டப்பா, நகை. வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். எரிவாயு மேடையில் பெரும்பாலும் நெஞ்சின் மேல் கற்பூரம் ஏற்றுவதுதான் கொள்ளி. அப்பாவின் கழுத்தில், கடையில் எப்போதும் தொங்குகிற மாதிரியே அளவு டேப்பைப் போட்டு அனுப்பியிருந்தோம். கண்ணம்மாபேட்டை மயானத்தில் ஊழியர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். "இது பிளாஸ்டிக்கும்மா, உள்ள போகக் கூடாது" என்று சொல்லி, அவசரப்படாமல் கழற்றி, விரலில் சுற்றிச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். அப்பாவும் அப்படித்தான் சுருட்டுவார். அந்த ஊழியர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஒரு நிமிஷம் நின்று கும்பிட வேண்டும் என்றால் கேளுங்கள். கட்டணமில்லாத இடத்தில் யாருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை.

அதன் பிறகு

17. சாம்பலும் ஆறும். எரிவாயு மேடையில் அன்றைக்கே சாம்பல் கிடைக்கும், எனவே மண் கலயமும் வெள்ளைத் துணியும் கையோடு கொண்டு போங்கள். கடலிலோ ஆற்றிலோ கரைக்கும்போது சாம்பலை மட்டும் விடுங்கள். பாபநாசத்தில் தாமிரபரணியில் கழற்றி விடும் துணிகள் மலையாகச் சேர்ந்து ஆற்றை மூச்சுத் திணற வைத்ததை நாம் பார்த்தோம். தூரப் பயணத்துக்கு வசதி இல்லையென்றால் அருகிலுள்ள கடலே போதும். மரக்கன்று நட்டு அதற்கும் ஒரு பிடி போடலாம். ஆனால் மொத்தத்தையும் ஒரே குழியில் கொட்டாதீர்கள். சாம்பலில் காரமும் உப்பும் அதிகம், கன்று கருகிவிடும். நிறைய மண்ணோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

18. 21 நாளுக்குள் பதிவு, வர வேண்டிய பணம், பதினாறாம் நாள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும். அதற்கு மேல் அதிகாரி அனுமதி வேண்டும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர் இறந்தால் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பதினாறாம் நாளுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். வாசலில் ஒரு நோட்டு வைத்து, வருகிறவர்களை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள்.

அப்பாவுக்காக வாசலில் வைத்த நோட்டில் 41 பக்கம் நிரம்பியிருக்கிறது. டேப் மிஷின் டிராயரில் இருக்கிறது. இந்த முறை அடகுக் கடைப் பக்கம் யாரும் போகவில்லை. அப்பா பக்கத்தில் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தோம்.