எதுகையைக் கடைசியில் தேடலாமா?

கேள்வி: மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டே வளர்ந்தவள் நான். என் மகளின் பாடநூலில் உள்ள வேர்ட்ஸ்வொர்த் கவிதையில் அடிகளின் கடைசிச் சொற்கள் ஒத்து ஒலிக்கின்றன. திருவெம்பாவையில் அப்படி இல்லையே, பிறகு எப்படி இவ்வளவு இசைவு? எல்லாப் பாட்டும் ‘எம்பாவாய்’ என்ற ஒரே சொல்லில் முடிவதாலா?
– வாசகி, அடி அண்ணாமலை

பதில்: மாணிக்கவாசகருக்குக் கோயில் உள்ள ஊரிலிருந்து, அவர் திருவண்ணாமலையில் பாடியதாக மரபு சொல்லும் நூலைப் பற்றியே கேட்கிறீர்கள், அம்மா. பதில் சொல்லக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த முடிவுச் சொல்லை முதலில் ஒதுக்கிவிடுவோம். பாட்டுக்கு எட்டு அடி. அது வருவது எட்டாவதில் மட்டும். மற்ற ஏழும் இனிப்பதற்கு அது பொறுப்பாக முடியாது. அடிகளின் கடைசி ஒத்து வந்தால் அது இயைபு. சினிமாப் பாட்டில் பழகிய காது அதையே தேடும். நம் பழைய பாட்டுகள் பெரும்பாலும் ஓசையை அடியின் தொடக்கத்தில் வைப்பவை. அடிதோறும் முதற்சொல்லின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதே எதுகை. வேர்ட்ஸ்வொர்த்துக்கு உங்கள் மகள் வலது ஓரத்தில் கோடு போடட்டும். நீங்கள் இடது ஓரத்தில் போடுங்கள்.

அண்ணாமலையின் பெயரோடு தொடங்கும் 18ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அடிகளின் முதலெழுத்துகள்: அ, வி, க, த, பெ, வி, க, பெ. இரண்டாம் எழுத்து எட்டிலும் ‘ண்’. மலையின் பெயரை முதலில் வைத்துவிட்டார். மீதி ஏழு அடிகளும் அந்த ‘ண்’ணுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். முதலெழுத்து எல்லாம் குறிலாக இருப்பதும் தற்செயல் அல்ல. அந்த அளவு ஒத்தால்தான் எதுகை செல்லும். முதற்பாட்டில் எட்டும் நெடில்: ஆ, சோ, மா, மா, வீ, போ, ஏ, ஈ. அங்கே இரண்டாம் எழுத்து தகர வரிசை.

அடுத்து நடை. இலக்கணம் இதைக் கொச்சகக் கலிப்பா என்னும். உள்ளே ஓடுவது வெண்டளை, அதாவது வெண்பாவுக்குரிய சீர்க்கட்டு. ஈரசைச் சீர் நேரசையில் முடிந்தால் அடுத்தது நிரையசையில் தொடங்கும். நிரையில் முடிந்தால் நேரில் தொடங்கும். (குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை.) ‘அண்ணா’ நேர் நேர், ‘மலை’ நிரை. உங்கள் ஊர்ப்பெயரே வெண்டளையில் நடக்கிறது! பாட்டில் இந்தக் கட்டு அடியின் இறுதியைத் தாண்டி அடுத்த அடிக்கும் போகும். மூச்சு அறாமல் பாட வருவது அதனால்தான்.

அப்படியானால் முடிவுச் சொல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு. எதுகை பாட்டுக்குப் பாட்டு மாறும். காட்சியும் மாறும்: பெண்கள் தோழியை எழுப்புகிறார்கள், நீராடுகிறார்கள், போற்றுகிறார்கள். இருபது பாட்டையும் ஒரே நூலாகக் கட்டி வைப்பது அந்தச் சொல்தான்.