ஊர்ப் பெயர்களோடு முடிவதில்லை புவியியல்

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குப் புவியியல் என்றால் மேப்பில் புள்ளி வைப்பது, கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் ஒப்பிடாமல் ஒப்பிப்பது. 1984இல் அமெரிக்காவின் புவியியல் அமைப்புகள் இந்தப் பாடத்தை ஐந்து கருப்பொருள்களாகத் தொகுத்தன: அமைவிடம், இடத்தின் இயல்பு, மனிதருக்கும் சூழலுக்குமான உறவு, நகர்வு, வட்டாரம். தொடக்க நிலை மாணவருக்கு இவ்வளவு போதும். ஆனால் இவற்றை வகுப்பில் எடுக்கப் போனால் குறுக்கே நிற்பவை, பெரியவர்களும் விடாமல் வைத்திருக்கும் சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி.

தீவுகளை விட்டுவிட்டு, பெருநிலப்பரப்பின் தென்கோடி என்றால் சரி. நாட்டின் தென்கோடி, கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை. கன்னியாகுமரி வட அட்சம் 8 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. இந்திரா முனை 7 டிகிரிக்கும் கீழே. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் அந்த முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது.

நம்பிக்கை: அட்சரேகை தெரிந்தால் ஊரின் வெயில் தெரிந்துவிடும்.

சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. மே மாதத்தில் இரண்டு ஊரிலும் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சென்னைக்கு உயரமும் இல்லை, போதாக்குறைக்குக் கடலின் புழுக்கம் வேறு. அமைவிடமும் இடத்தின் இயல்பும் ஏன் தனித்தனிக் கருப்பொருள்கள் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

நம்பிக்கை: பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தான் கோடை வருகிறது.

படித்தவர்களிடமும் இது உண்டு. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழியில்! மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். பருவங்களை உண்டாக்குவது தூரம் அல்ல, பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுவது.

இதைக் காட்ட நமக்கு ஒரு வசதி இருக்கிறது, டெல்லிப் பிள்ளைகளுக்கு இல்லை. கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. இவ்விரண்டு நாளுக்கும் இடையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நண்பகல் நிழல் தெற்கே சாயும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, பன்னிரண்டே கால் வாக்கில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். கரும்பலகையில் போடும் படம் எதுவும் இதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: இயற்கை வகுத்ததுதான், மனிதன் செய்ய ஒன்றுமில்லை.

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடந்தது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மேற்கே போக வேண்டிய தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, மனிதன் நினைத்தால் எதையும் மாற்றலாம் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் தாழ்வான பகுதி. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது 2022இல்தான். இடம் பறிபோன வெள்ளம் வேளச்சேரித் தெருக்களில் நிற்கிறது. அதை வெறும் இயற்கைச் சீற்றம் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான்.

நம்பிக்கை: நம் சமையல் முழுக்க நம் மண்ணில் பிறந்தது.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை; போர்த்துக்கீசியரின் கப்பல்கள் ஆசியாவுக்கு வரத் தொடங்கிய பிறகே இங்கே வந்தன. அதற்கு முன் குழம்பின் காரத்துக்கு மிளகுதான். மரவள்ளிக்கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்துக்காரர்கள் அந்தக் கிழங்கை அரைத்து ஒரு தொழிலையே எழுப்பினார்கள். நகர்வு என்ற கருப்பொருளைப் பாயசத்திலிருந்தே தொடங்கலாம்.

நம்பிக்கை: ஐந்திணை என்றால் ஐந்து வகை நிலம்.

வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது திணையைக் கொண்டுவராத தமிழாசிரியர் இல்லை. கொண்டுவரட்டும், நிலம், பொழுது, தொழில், உணவு, தெய்வம் என்று சேர்த்துப் பார்க்கும் முறை வட்டாரத்தைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் தொல்காப்பியம் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்லும் நிலங்கள் நான்குதான். பாலைக்குத் தனி நிலம் அங்கே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மேலும் திணை கவிதைக்கான இலக்கணம், நில அளவை ஏடு அல்ல. இன்றைய வட்டாரங்களும் அப்படித்தான், எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதற்கேற்ப எல்லை மாறும். மழையை வைத்துப் பிரித்தால் ஒரு தமிழ்நாடு, பேச்சுவழக்கை வைத்துப் பிரித்தால் வேறொரு தமிழ்நாடு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுப்பாடமாக ஆறுகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். நம் ஊர்ச் சந்தை ஏன் இந்த இடத்தில் கூடுகிறது, அங்கே விற்கும் காய்கறி எங்கிருந்து வருகிறது என்று சந்தையிலேயே விசாரித்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள்.