அவருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கேள்வி: எனக்கு 31 வயது. தாய்வீடு திருத்தணி. என்னைக் கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்கு அருகில் ஓர் ஊரில். குடித்துவிட்டு அடிப்பதைப் பொறுக்க முடியாமல் சில மாதங்களுக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சித்தி மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் வந்த மறுநாள், "பச்சைப் புடவை உனக்கு எடுப்பாக இருந்தது" என்று மெசேஜ் அனுப்பினார். பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே இரண்டு முறை வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். போனில் ஏதோ வைத்திருக்கிறார், சிம்மை உடைத்துவிட்டு போனையும் தூக்கிப் போடு என்கிறான் தம்பி. கல்யாணம் ஆனது, அடித்தது எல்லாம் அங்கே, அதனால் புகாரையும் ஆந்திராவில்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் மாமா. அவரோ, "ஒரே ஒரு தடவை மலைக்கு வா, முருகன் சன்னதியில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்" என்கிறார். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருத்தணி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் கம்பெனியின் பெயர், பஸ் ஏறும் இடம், நேரம், மகளின் பள்ளி எல்லாமே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். வயது உட்பட இன்னும் சிலவற்றை மாற்றியும் இருக்கிறோம். திருத்தணி என்ற பெயரை மட்டும் விட்டுவைத்தோம். நீங்கள் தாய்வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். ஊர்ப் பெயரால் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைத்துவிடாது. நான் சொல்லப்போவது எல்லாமே இந்தக் கணக்குத்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது எது, இன்னும் தெரியாதது எது? தெரிந்த இடத்தில் உங்களுக்குத் துணை வேண்டும். தெரியாததை வெளியே விடக்கூடாது.

ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எதைத் தெரிந்துகொண்டு பேசினார், எங்கே வந்து நின்றார், அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், அந்தச் செய்தி அவருக்கு எந்த வழியில் போயிருக்கலாம் என்று எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம், தாளில் எழுதுங்கள். நோட்டு நம்பிக்கையான தோழி வீட்டில் இருக்கட்டும்.

பச்சைப் புடவையையே எடுத்துக்கொள்வோம். போனில் இருப்பிடம் காட்டும் செயலி இருந்தால் நீங்கள் மண்டபத்தில் இருந்தது தெரியும், புடவையின் நிறம் தெரியாது. யாரோ ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார், அல்லது வீடியோ அனுப்பியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோடு மாறியதே தவிர கொடுக்கல் வாங்கல், சம்பந்தம் எதுவும் பிரியவில்லை. பாதி உறவு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரே விசேஷத்துக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள், ஒரே குடும்பக் குழுவில் தமிழும் தெலுங்குமாகப் படங்கள் ஓடும். என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் போனைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பல நேரம் வழி ஓர் அத்தையிடமோ நாத்தனாரின் தோழியிடமோ போய் முடிகிறது.

ஆகவே உறவில் எல்லோரிடமும் கெஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: "என் படமும் பாப்பா படமும் ஸ்டேட்டஸில் வேண்டாம். நான் என்ன ஷிப்ட், எங்கே போகிறேன் என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள்." குடும்பக் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள், அதுவே ஒரு செய்தியாகிவிடும். அங்கே பேசாமல் இருந்தால் போதும். நம் ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் ஃபிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. மாமன் சீர் வரிசையில் நிற்கும் எல்லோருடைய முகமும், சில நேரம் போன் நம்பரும்கூட அதில் இருக்கும். உங்கள் மகளின் முகம் அதில் வேண்டாம் என்று அச்சுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி போன். தம்பி சொன்னபடி தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் மெசேஜ்கள்தான் உங்கள் சாட்சி. வேறு காரணமும் இருக்கிறது. கண்காணிப்பவருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போனால் அவர் நேரில் கிளம்பி வருவார். பிரிந்து வந்த மாதங்களும், கோர்ட் நோட்டீஸ் கைக்குக் கிடைக்கும் நாட்களும்தான் இந்த மாதிரி ஆண்கள் மிக ஆபத்தாக மாறும் நேரம். எதை, எப்போது, எந்த வரிசையில் மூடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், பயம் முடிவு செய்ய வேண்டாம்.

வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'லிங்க்டு டிவைசஸ்' என்று இருக்கும். அதற்குள் போய்ப் பாருங்கள். நீங்கள் கம்ப்யூட்டரே தொடாதவராக இருந்து அங்கே 'குரோம்', 'விண்டோஸ்' என்று ஒரு பெயரும் கடைசியாகத் திறந்த நேரமும் இருந்தால், உங்கள் உரையாடல் முழுவதும் இன்னொரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் தூங்கும்போது ஒரு நிமிடம் போன் கையில் கிடைத்தால் போதும், இதைச் செய்துவிடலாம். பார்த்ததும் 'லாக் அவுட்' அழுத்தக் கை துடிக்கும். பொறுங்கள். முதலில் தோழியின் போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் துண்டித்த உடனே அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்தது ஜிமெயில். உங்கள் போனை வாங்கிக் கொடுத்தது யார்? கடைக்காரரோ கணவரோ ஏதோ ஒரு ஜிமெயில் முகவரி போட்டுக் கொடுத்திருப்பார்கள், பாஸ்வேர்டு உங்களுக்கே தெரியாது, மீட்பு எண்ணாக அவருடைய நம்பர் இருக்கும். அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் வேறு போனிலிருந்தே உங்கள் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். இதற்குத் தனியாக உளவுச் செயலியே தேவையில்லை. கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு இயங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

என் யோசனை இது. பழைய போன் இப்போதைக்கு வழக்கம்போல ஓடட்டும். தனியாக ஒரு பட்டன் போன், உங்கள் பெயரில் புது சிம். வக்கீல், போலீஸ், கம்பெனி, பள்ளி எல்லாம் அதில் மட்டும். பிறகு நல்ல போன் வாங்கினால் பழைய ஜிமெயிலை அதில் போடாதீர்கள், பழைய பேக்கப்பையும் இறக்காதீர்கள். இருசக்கர வண்டி அவர் வீட்டிலிருந்து வந்ததென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து சீட்டுக்கு அடியிலும் பேட்டரி பக்கமும் கூடுதலாக ஏதாவது ஒயர், கருவி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கு அப்பா போனோ டேபோ வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள், அது அவளுக்கு அப்பா கொடுத்த பொருள்.

பழைய சிம் யார் பெயரில் இருக்கிறது? அவர் பெயரில் என்றால் அவர் கடைக்குப் போய் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடலாம். உங்கள் போன் செத்துவிடும், ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். எனவே வங்கியில் புதுக் கணக்கு, புது எண், சம்பளம் அதில் வரட்டும். ஏ.டி.எம்.மில் எடுக்கும் பணத்துக்கான எஸ்.எம்.எஸ். எந்த எண்ணுக்குப் போகிறது என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள். ஆதாரில் அவருடைய எண் இருந்தால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்து முதலில் எண்ணை மாற்றுங்கள், முகவரியை அதற்குப் பிறகு. வரிசை மாறினால் அந்த ஓ.டி.பி.யை வைத்தே உங்கள் புது முகவரி அச்சிட்ட ஆதாரை அவர் இறக்கிக்கொள்ள முடியும்.

பஸ் நிறுத்தம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பி நின்ற பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில் ஒரு மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். இரண்டு இடத்திலும் அந்தப் பெண் தினமும் வந்து நிற்கும் இடத்திலேயே அது நடந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பேசாமல் வந்து நிற்பதை "ஒன்றும் செய்யவில்லையே" என்று உங்கள் வீட்டாரும் போலீஸும் தள்ளிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கம்பெனி மனிதவளப் பிரிவில் பேசி ஏறும் இடத்தையும் முடிந்தால் ஷிப்டையும் மாற்றச் சொல்லுங்கள். டிரைவருக்கும் கேட் செக்யூரிட்டிக்கும் அவர் படத்தைக் காட்டுங்கள். இருட்டு நேர ஷிப்டுக்குத் தம்பி பஸ் வரும்வரை கூட நிற்கட்டும். போனை உடைக்கச் சொல்வதைவிட அவர் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

மாமா சொல்வது தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும் மனு போடலாம் என்கிறது. அங்கே பெறும் உத்தரவு நாடு முழுவதும் செல்லும், நகரியிலும் செல்லும். கணவர் வீட்டுக் கொடுமைக்கான குற்ற வழக்கையும் மனைவி அடைக்கலம் புகுந்த ஊரிலேயே தொடரலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பின்தொடர்வது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. முதல் முறை நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை. பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் கண்காணிப்பதும் இதற்குள் வரும். கணவருக்கு விலக்கு என்று அதில் எதுவும் இல்லை. ஆனால் நேரில் பின்தொடரும் வழக்கில் ஒரு விஷயம் நிற்க வேண்டும்: விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். எனவே வக்கீலைக் கேட்டு நேரம் பார்த்து ஒரே ஒரு மெசேஜ்: "இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம், நான் இருக்கும் இடத்துக்கு வர வேண்டாம்." அதற்குப் பிறகு அவர் அழுதாலும் திட்டினாலும் பதில் போடாதீர்கள். எண்ணைத் தடை செய்யவும் வேண்டாம், வருவது வந்து சேரட்டும், படம் எடுத்து வையுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போடும் மனுவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் வருகிறது. உங்கள் வேலையிடம், நீங்கள் அடிக்கடி போகும் இடங்கள் ஆகியவற்றுக்கு வரக்கூடாது, போனிலோ வேறெப்படியோ தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம். மகளையும் மனுவில் சேர்த்தால் அவள் பள்ளியும் அதில் வரும். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு தர 23ஆம் பிரிவு இடம் தருகிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, பிணையில் விட முடியாத குற்றம். ஆனால் அந்த மனுவின் நகல் அவர் கைக்கும் போகும். ஆர்வத்தில் எல்லா இடத்தையும் எழுதிவிட்டால் நாமே அவருக்கு முகவரிப் பட்டியல் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். அவருக்குத் தெரிந்த நிறுத்தத்தையும் வீட்டையும் எழுதுங்கள். தெரியாத டியூஷன், புது ஏறுமிடம், தோழி வீடு இவற்றை எழுத வேண்டாம் என்று வக்கீலிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. அப்பா வந்தால் மகளை அனுப்பலாமா என்று பள்ளி உங்களைக் கேட்கும் முன், 21ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்பு உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். உத்தரவு இல்லாமல் தலைமை ஆசிரியர் எத்தனை நாள்தான் சமாளிப்பார்?

கடைசியாக, மலைக்கு வரச் சொல்வது. போகாதீர்கள். "ஒரே ஒரு தடவை" என்று கூப்பிடும் சந்திப்பு, நாளையும் இடத்தையும் அவர் குறித்த சந்திப்பு. பெரியவர்கள், "சாமி முன்னால் என்ன செய்துவிடுவார்?" என்பார்கள். படி ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சாமி முன்னால் இல்லை. சத்தியம் செய்ய வேண்டுமென்றால் அவர் தனியாகவே செய்யலாம், முருகன் கேட்டுக்கொள்வார். பேச்சுவார்த்தை வேண்டுமென்றால் காவல் நிலையத்திலோ, பெண்களுக்கான உதவி மையமான சகி மையத்திலோ, உங்கள் பக்கம் ஆள் இருக்கும்போது. ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் போவதை நிறுத்த வேண்டியதில்லை. அவர் எதிர்பார்க்கும் நாளில், எதிர்பார்க்கும் கூட்டத்தோடு போகாமல், வேறு ஒரு சாதாரண நாளில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மகளிர் உதவி எண் 181க்குப் பேசுங்கள். உங்கள் போனில் பேசினால் அந்த எண் அழைப்புப் பட்டியலில் நிற்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க திருவள்ளூரில் நேரம் கேளுங்கள். அவர் உங்களோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, அதற்கு ஐந்தாம் எண் படிவம் என்று ஒன்று உண்டு. பெயர் சொல்லியே கேளுங்கள். நோட்டை எடுத்துப் போங்கள். பழைய போனை அன்று வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள், அது திருத்தணியிலேயே இருக்கட்டும்.