மின் சிக்கனப் பம்புசெட்டும் உழவர் தயக்கமும்

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பம்புசெட்டை உழவர் விரைந்து ஏற்காதது ஏன்? 'பழமையில் ஊறியவர்கள்' என்று சிலர் எளிதாக விடை கூறிவிடுவர். இஃது ஏற்புடையதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்மோட்டார் வந்து அமர்வதற்கு எவரும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. தீவனமும் ஆள் கூலியும் மிச்சமாவதை உழவரே கண்டனர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குச் சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதும் யாவரும் அறிந்ததே. புதுமைக்கு அஞ்சும் ஊரா இது?

தயக்கத்தின் வேரை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1984இல் சிறு உழவர்க்கும், 1990இல் எல்லா உழவர்க்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. உழவுத் தொழிலுக்கு அது பேருதவி. ஆயினும் விலை கூடிய மோட்டாருக்குப் பணம் கொடுப்பவர் உழவர். மிச்சமாகும் யூனிட்டின் பயனோ மின் நிறுவனத்துக்கு. கணக்கறிந்தவர் தயங்காமல் என் செய்வர்?

அம்மிச்சம் சிறிதன்று. ஒரு லட்சம் லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாவிடில் 8 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். மோட்டார், பம்பு, குழாய் யாவும் சேர்ந்து நூற்றுக்கு 25 பங்கு திறனுடன் இயங்கினால் 33 யூனிட் ஆகும். 50 பங்காயின் ஏறத்தாழ 16 யூனிட்டே.

மற்றொரு காரணம் அச்சம். மின்னழுத்தம் தாழ்ந்தால் காயில் கருகும். மஞ்சளும் மரவள்ளியும் வாடி நிற்கும் நாளில், உள்ளூர்ப் பட்டறையில் உடனே காயில் கட்டித்தரக்கூடிய மோட்டாரையே உழவர் நம்புவர். தேவைக்கு மேற்பட்ட குதிரைத்திறனை நாடுவதும் இவ்வச்சத்தாலேயே. அது மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து, அதே டிரான்ஸ்பார்மரின் கடைக்கோடியிலுள்ள பங்காளியின் மோட்டாரைக் கருக்குகிறது!

இங்கேதான் பஞ்சாயத்துக்கு வேலை உண்டு. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த உழவர் அனைவரையும் ஒருங்கே கூட்டி, தத்தம் மோட்டாருக்கேற்ற கெப்பாசிட்டரைப் பொருத்தச் செய்யலாம். மின்னோட்டம் குறைந்து கடைக்கோடி அழுத்தம் உயரும்; பயன் நேரே உழவர்க்கே. ஒருவர் மட்டும் பொருத்தினால் பலன் சொற்பம். அடுத்துக் குழாயைக் கவனிக்கலாம். அதே அளவு நீர் செல்கையில் குழாயின் விட்டம் இருமடங்கானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் கூடுதலாக விழுவதை வரப்பில் நின்றே காணலாம். ஆனால் அந்நீரை வாய்க்காலில் வீணாக ஓடவிட்டால் கிணறு விரைந்து வற்றும். ஆதலின் சொட்டு நீர்ப் பாசனத்தையும் உடன் பேசுதல் நன்று.

புதிய மோட்டாரைப் பற்றிப் பேச ஏற்ற வேளை, பழையதன் காயில் கருகிய நாளே. நட்சத்திரக் குறியிட்ட பம்புசெட்டின் விலையையும், இதுவரை காயில் கட்டக் கொடுத்த கூலியையும் அன்று ஒரே தாளில் எழுதிக் காட்டுக.