மீண்டும் சைக்கிள் எப்போது?

கேள்வி: எனக்கு வயது 58. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுவேன். இப்போது ஓட்டலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆசை நல்லதுதான், அவசரம் கூடாது. அறுத்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது நன்றாகக் கூடிவர ஏறக்குறைய 12 வாரம் ஆகும். ஹேண்டில்பாரில் சாயும்போது உடல் எடை கைவழியே நெஞ்சில்தான் இறங்கும். பள்ளத்தில் குலுங்கினாலோ கீழே விழுந்தாலோ கேட்கவே வேண்டாம்.

அதுவரை நடை போதும். மருத்துவர் சரியென்றால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து 5 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மிதித்தபடியே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

சாலையில் இறங்கும் நாளில் மேடில்லாத பாதை, வெயில் ஏறாத நேரம், ஹெல்மெட், கூடவே ஒரு துணை அவசியம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் சிறு அடிகூட அதிக இரத்தக்கசிவைத் தரலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், நெஞ்செலும்பில் 'களுக்'கென்ற சத்தம், எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். சைக்கிள் எங்கே ஓடிவிடப் போகிறது?